பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது சோதனையாகாது

"இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள், வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) நன்றாக இருக்கிறது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்" என்று, பேட்டரி ஒரே இரவில் இறங்கிவிடும் வண்டிக்குச் சிலர் கூறும் யோசனை தவறு மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. கழற்றும் கணத்தில் மின்னழுத்தம் திடீரென எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியையே பழுதாக்கிவிடக்கூடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரே போதும். சில மணி நேரம் ஓய்விலிருந்த, முழுமையாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் அது 13.8 முதல் 14.5 வரை உயரும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் ஒரே இரவில் பேட்டரி இறங்கிவிடுமானால், வண்டியை அணைத்த பின்னும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். அப்படி உறிஞ்சினால் புதிய பேட்டரியும் இதே கதிக்கு ஆளாகும். எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கம்பிக்கும் பேட்டரிக்கும் இடையே மீட்டரைத் தொடராக இணைத்து, மின்னணுச் சாதனங்கள் உறக்கநிலைக்குச் செல்லும்வரை அரை மணி நேரமோ அதற்கு மேலோ பொறுத்திருந்து அளந்தால், மின்னோட்டம் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். (மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.) அளவு மிகுந்திருந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எது அதைச் சட்டெனக் குறைக்கிறதோ, அந்தச் சுற்றில் கோளாறைத் தேடலாம்.