செத்த மவுண்ட்டும் தீமிதி இரவும்

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தாள். ஒன்று கேனன் எம்50, யாரோ வைத்திருந்து விற்கிற பழைய கேமரா, 15-45 லென்சோடு 1,350 மலேசிய வெள்ளி. இன்னொன்று ஆர்50, பெட்டி பிரிக்காத புதுசு, 18-45 லென்சோடு, விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. கீழே ஒரே வரி: "மாமா, எது வாங்கட்டும்? எல்லாரும் எம்50 செத்த மவுண்ட்டுன்னு சொல்றாங்க." மவுண்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டுகிற வாய்; அதற்குக் கம்பெனி இனிமேல் எதுவும் விடாது என்பதைத்தான் 'செத்த' என்கிறார்கள்.

இந்த 'எல்லாரும்' யார் என்று எனக்குத் தெரியும். மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கழுத்தில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று கேமராவைத் தொங்கவிட்டு மணமேடையை மறைத்துக்கொண்டு நிற்கும் தம்பிகள்தான். நல்ல பிள்ளைகள், வேலையும் தெரிந்தவர்கள், ஆனால் ஒரு பொருள் கடையில் நின்றுபோனால் அது வீட்டிலும் நின்றுபோய்விடும் என்று நினைக்கிறார்கள். என் அம்மா இன்னும் ஓட்டுகிற தையல் மிஷினுக்குக் கம்பெனி உதிரிச் சாமான் விடுவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. அதை யாரும் செத்த மிஷின் என்று சொன்னதில்லை.

நான் எம்50காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கருத்துப் பெட்டியில் வந்து 'அண்ணன் பழசுக்கு வக்காலத்து வாங்குகிறார்' என்று எழுத வேண்டாம். கொஞ்சம் வாங்கத்தான் செய்வேன். ஆனால் போன வருஷத் தீமிதி இரவு எனக்கு ஒரு விஷயத்தில் வாயடைத்துப் போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பெரும்பாலும் காலியாகி நாளாகிவிட்டது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, சனம் எல்லாம் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கார் போட்டுக்கொண்டு வந்து செம்பனைச் சந்துகளில் வரிசையாக நிறுத்திவிட்டு அம்மனைப் பார்த்துவிட்டுப் போகிறோம். அன்றைக்கு என் கையில் எம்50, அதில் 22 எம்.எம். எஃப் 2 லென்ஸ், அந்தச் சின்ன அப்பம் மாதிரி இருக்குமே, அதுதான். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சத்தை அதிகம் விடும்.) பக்கத்தில் என் மச்சான் மகன், கையில் வாங்கி இரண்டு மாதமான ஆர்50, பெட்டியோடு வந்த 18-45 லென்ஸ். இரண்டு பேரும் ஒரே கயிற்றுக்குப் பின்னால், ஒரே இடத்தில் நிற்கிறோம்.

வெளிச்சம் என்று பார்த்தால் பூக்குழியின் சிவப்பு, கோயில் முகப்பில் நிறம் மாறி மாறி எரியும் எல்இடி சரம், பந்தல் மூலையில் ஒரு ஸ்பாட்லைட். நடுவில் புகை. இதற்குள் மஞ்சள் துணி கட்டிய ஆள் கரகத்தோடு நம்மை நோக்கி வேகமாக நடந்து வருகிறார், குழியைக் கடக்க நாலைந்து விநாடிகூட ஆகாது, அப்புறம் பால்குழியில் கால் வைத்தவுடன் சொந்தக்காரர்கள் வந்து தாங்கிப் பிடித்து மறைத்துவிடுவார்கள். படம் கிடைத்தால் அந்த நாலு விநாடிக்குள் கிடைக்க வேண்டும்.

எம்50 வந்தது 2018-ல். கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் பண்ணும் வசதி அதிலேயே உண்டு, ஆனால் ஆள் அசையாமல் நிற்கும்போதுதான், அதாவது ஒன்-ஷாட்டில் மட்டும். ஆள் நகர ஆரம்பித்து நாம் விடாமல் துரத்தி ஃபோகஸ் பண்ணும் செர்வோவுக்குப் போனால் கண் பிடிப்பு போய்விடும், முகத்தை மட்டும் துரத்தும். பகலில் அது போதும். புகைக்குள் முகத்துக்கும் தீக்கும் நடுவில் அது தடுமாறும், சில நேரம் பின்னால் இருக்கிற எல்இடி சரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனக்கு இந்தக் குணம் பழக்கம் என்பதால் நான் துரத்துவதே இல்லை. பால்குழியின் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் பண்ணிப் பூட்டிவிட்டுக் காத்திருப்பேன், ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவேன். பழைய ஸ்டூடியோக்காரர்கள் செய்ததும் இதுதான். ஒரு ஆளுக்கு ஒரு படம், சில பேருக்கு அதுவும் இல்லை.

மச்சான் மகன் ஒன்றும் செய்யவில்லை. பொத்தானைப் பாதி அழுத்திக்கொண்டு நின்றான். அவன் திரையில் ஒரு சின்னக் கட்டம், குழியின் அந்தப் பக்கத்திலிருந்தே ஆளின் கண்ணில் ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. புகை மறைத்தபோது விட்டது, விலகியதும் திரும்பவும் அதே கண்ணில் வந்து உட்கார்ந்தது. என் தாய்மாமாவுக்கு எழுபது வயதாகிறது. அவர் இறங்கும்போது நான் எடுத்தது ஒரு படம், அவன் எடுத்தது பதினேழு. பதினேழில் பதினைந்து கூர்மை. அதில் ஒன்றில் மாமா குழியின் சரியாக நடுவில் இருக்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் எங்களை எல்லாம் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. பால்குழி விளிம்பில் காத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் படம் கிடைக்க வழியே இல்லை. எம்50-க்கும் ஆர்50-க்கும் நடுவில் இருந்த ஐந்து வருஷத்தில் கேமராக்காரர்கள் என்னத்தைக் கிழித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான், அன்றைக்குப் பதில் கிடைத்தது.

சரி, கதை இங்கே முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவை இல்லை, 'ஆர்50 வாங்கு தாயி' என்று ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேர் படத்தையும் லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கூர்மை எல்லாம் இருக்கிறது, ஆனால் மாமாவின் கன்னத்தில் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாக நாய்ஸ், மஞ்சள் துணி அழுக்கு மஞ்சளாக நிற்கிறது. என் ஒற்றைப் படத்தில் விபூதி தோலில் காய்ந்து வெடித்திருப்பதுகூடத் தெரிகிறது. புதுக் கேமராவில் ஏன் இப்படி? கேமராவில் குறை இல்லை. இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்கிற ஒரே அளவுச் சென்சார், இரண்டுமே 24 மெகாபிக்சல் சொச்சம், படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் முழுக்க லென்சில். என்னுடையது எஃப் 2-ல் திறந்திருந்தது, அவனுடையது எவ்வளவு திறந்தாலும் எஃப் 4.5-க்கு மேல் திறக்காது, கொஞ்சம் ஜூம் பண்ணினால் இன்னும் இருட்டு. கணக்குப் போட்டால் என் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அவனுடையதைப் போல ஐந்து மடங்கு. ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் வெளிச்ச உணர்வு, அதை ஏற்ற ஏற்றப் புள்ளி கூடும். நான் ஐஎஸ்ஓ 2500-ல் எடுத்ததை அவன் கேமரா 12800-க்கு ஏற்றித்தான் எடுக்க முடிந்தது.

இதில் வேடிக்கை என்ன என்றால் பழைய எம்50-யோடு வரும் 15-45 லென்சே ஆரம்பத்தில் எஃப் 3.5 வரை திறக்கும், 15 எம்.எம். என்பதால் படத்தில் அடங்கும் அகலமும் அதிகம். புதுசோடு வரும் 18-45 அதைவிட இருட்டு, அதைவிடக் குறுகல். லயத்து வீட்டு முன்கூடத்தில் குடும்பத்தோடு நிற்கவைத்து எடுத்துப் பாருங்கள், 18-க்கு முதுகு சுவரில் இடிக்கும். மூளையைக் கூட்டிவிட்டுக் கண்ணைச் சுருக்கி விற்கிறார்கள்.

அப்படியென்றால் ஆர்50-க்கும் ஒரு நல்ல லென்ஸ் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆர்எஃப் 50 எஃப் 1.8 இருக்கிறது, 2024-லிருந்து சிக்மா கம்பெனியும் ஆர்50-யின் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு ஏபிஎஸ்-சி லென்ஸ் விட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அது இன்னொரு செலவு. அக்கா மகள் ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறாள், சனி ஞாயிறு ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறாள். கேமரா வாங்கிக் கை காலியான பிறகு ஒரு வருஷத்துக்கு அந்த எஃப் 4.5-யோடுதான் கோயிலுக்குப் போவாள்.

செத்த மவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எம்50-யின் இஎஃப்-எம் மவுண்ட் 2012-ல் பிறந்தது, 2023-ல் முடிந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் கேனன் அதற்கு விட்ட லென்ஸ் மொத்தமே எட்டு. பெற்ற பிள்ளையையே பட்டினி போட்டு வளர்த்தார்கள் என்று அப்போதே எல்லாரும் திட்டினோம். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், இந்த லென்சுகளை ஆர்50-யில் மாட்ட முடியாது. நடுவில் மோதிரம் மாதிரி ஒரு அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இஎஃப்-எம் லென்ஸ் சென்சாரிலிருந்து 18 மில்லிமீட்டரில் உட்கார வேண்டியது, ஆர்எஃப் மவுண்ட்டின் வாயே 20 மில்லிமீட்டரில் இருக்கிறது. லென்ஸ் இன்னும் உள்ளே போக வேண்டும், அதற்கு இடம் இல்லை, இதில் மோதிரத்தை எங்கே வைப்பது? பழைய டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் லென்சுக்கு 44 மில்லிமீட்டர் வேண்டும் என்பதால் நடுவில் நிறைய இடம் கிடைக்கிறது, ஆகவே அது அடாப்டர் போட்டால் இரண்டு கேமராவிலும் வேலை செய்யும். எம்50 வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அந்த 22-ஐயும் சேர்த்து வாங்கு, அதோடு நிறுத்திக்கொள். பின்னால் புது மவுண்ட்டுக்கு மாறும்போது எல்லாவற்றையும் மொத்தமாக விற்கத்தான் வேண்டியிருக்கும். இரண்டே சாமான் என்றால் விற்பது சுலபம்.

வீடியோ எடுக்கிற ஆளாக இருந்தால் பேச்சே வேறு, அங்கே எம்50-க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும். அதைப் போட்டால் படம் சென்சாரின் நடுவில் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, 15 எம்.எம். லென்ஸ்கூட மூஞ்சிக்குக் கிட்டே போய் நிற்கும், கேனனின் வேகமான டூயல் பிக்சல் ஃபோகசும் வேலை செய்யாது, முன்னும் பின்னும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். ஃபுல் எச்டியில் நன்றாகத்தான் எடுக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வாரியத் தலைவர் பேச ஆரம்பித்து அரை மணியில் முடித்ததை நான் கண்டதில்லை. ஆர்50 வெட்டாமல் முழு அகலத்தில் 4கே எடுக்கும், ஃபோகசும் ஒழுங்காக நிற்கும், ஒரு மணி நேரம் வரை ஓடும். போதாததற்கு யுஎஸ்பி-சியில் பவர்பேங்க் வைத்துச் சார்ஜ் ஏற்றலாம். எம்50-யில் பேட்டரியைக் கழற்றி அதற்கான சார்ஜரில்தான் வைக்க வேண்டும், அதுவும் முறைப்படி அளந்த கணக்கிலேயே 235 படத்துக்குத்தான் தாங்கும் பேட்டரி.

ஆர்50-யில் என்னை எரிச்சல் படுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் மகன் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு என் ஃபிளாஷை இரவல் வாங்கிக்கொண்டு போனான். மாட்டினான், எரியவில்லை. என்னிடம் வந்து ஃபிளாஷ் கெட்டுப்போச்சு மாமா என்றான், நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். தலையைக் குனிந்து பார்த்தால் கேமரா தலையில் நடுவில் இருக்க வேண்டிய அந்தப் பழைய உலோகப் புள்ளியே இல்லை. ஃபிளாஷ் மாட்டுகிற இடமான 'சூ' புது வகை, முன்பக்கம் பல் வரிசை மாதிரி பொடிப் பொடியாக இணைப்புகள் மட்டும். பழைய ஃபிளாஷ் எரிய வேண்டுமென்றால் தனியாக ஒரு அடாப்டர் வேண்டும். ஆரம்பநிலைக் கேமரா என்று விற்கிறீர்கள், ஆரம்பநிலைக்காரன் கையில் இருப்பதே யாரோ கொடுத்த பழைய ஃபிளாஷ்தானே?

இந்த இரண்டு கேமராவையும் விட இந்த ஊரில் முக்கியமான ஒன்று உண்டு, ஈரம் ஏறாமல் கேமராவை வைக்கிற ட்ரை பாக்ஸ். என் முதல் லென்சைப் பீரோவில் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. பழசு வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசி டார்ச்சை லென்சின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், நூலோ மேகமோ தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பெட்டி வாங்கக் காசில்லை என்றால் மூடி இறுகப் பொருந்துகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசி போகும்.

ஏன் இதற்கெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதுகிறான் என்று யாராவது நினைக்கலாம். சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் 1948 ஜூன் 16-ல் வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட ஊர், மலாயாவில் அவசரகாலம் தொடங்கக் காரணமான ஊர், அவ்வளவுதான். என் பாட்டி அந்தக் காலத்தில் இங்கே பால் வெட்டியவர். அவர் படம் என்று எங்களிடம் இருப்பது ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருக்கிற அந்த ஒற்றைப் படம் மட்டும், அதைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டிருக்கிறோம். கத்தியோடு நிற்கும் படம் இல்லை, வாளி தூக்கிய படம் இல்லை, சிரித்த படம் இல்லை. இப்போது இருக்கிற கிழவிகளையாவது யாராவது எடுக்க வேண்டும், அதற்கு மூவாயிரம் சேரும்வரை காத்திருக்க முடியாது.

அதனால் அக்கா மகளுக்குச் சொன்னது இது. கல்யாணம், வீடியோ என்று காசு வாங்கி வேலை செய்யப் போகிறாய் என்றால் பொறு, சேர்த்து ஆர்50 வாங்கு, அந்தக் கண் பிடிப்புக்காகவே வாங்கு, கூடவே எஃப் 1.8-க்கும் சேர்த்துச் சேமி. பாட்டியையும் கோயிலையும் எடுக்கப் போகிறாய் என்றால் பழையதை வாங்கு, லென்சுக்கு டார்ச் அடித்துப் பார், 22-ஐத் தேடிப் பிடி, பேட்டரி இன்னொன்று வாங்கு. "சிரிப்பாங்களா மாமா?" என்று கேட்டாள். சிரிப்பார்கள்தான், படத்தைப் பார்க்கும்வரை.

எம்50-யே வாங்கினாள். சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய் எங்கள் பழைய லயத்தில் இன்னும் தங்கியிருக்கிற ஆயாவை எடுத்திருக்கிறாள். வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார், விரல் நுனியில் சுண்ணாம்பு, பக்கத்தில் பூனை. ஃபோகஸ் பூனை மேல். அடுத்தது சரியாக வந்திருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன், படத்துக்குப் பதில் செய்திதான் வந்தது: "மாமா, பேட்டரி முடிஞ்சிருச்சு. இன்னொன்னு அடுத்த மாசம் வாங்கலாம்னு இருந்தேன்."