அந்த ‘இன்’ படுத்தும் பாடு

நேற்று சிக்னலில் முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர். பின்பக்கம் சிவப்பு எழுத்தில் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’. ஸ்கூட்டரில் பின்னால் இருந்த மகள், “தீப்பிடிக்காதுன்னு ஏம்ப்பா எழுதியிருக்காங்க?” என்றாள். அவள்மேல் என்ன தப்பு? கரெக்டுக்கு எதிர்ப்பதம் இன்கரெக்ட், விசிபிளுக்கு இன்விசிபிள் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்! லத்தீனில் இரண்டு ‘இன்’ உண்டு. ஒன்று ‘இல்லை’, இன்னொன்று ‘உள்ளே’. இன்ஃபிளேமபிளில் இருப்பது இரண்டாவது; ஃபிளேமபிள் என்றாலும் இன்ஃபிளேமபிள் என்றாலும் தீப்பிடிக்கும் என்றுதான் அர்த்தம். சரி, இருக்கட்டும். உயிர் போகிற இடத்திலா இந்தக் குழப்பம்? அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே வெறும் ‘ஃபிளேமபிள்’ போதும் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. இங்கே இன்னும் அதே எழுத்து. ‘எளிதில் தீப்பற்றும்’ என்று தமிழில் பெரிதாக எழுதினால் என்ன? பக்கத்தில் பீடியோடு நின்றவருக்கும் புரிந்திருக்குமே.