கணினி அறை வரும் வரை காத்திருக்க வேண்டாம்

கணினி அறை இல்லாத பாடசாலையில் கோடிங் தொடங்குவது வீண் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அதன் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

கோடிங்கில் வருகிற நிபந்தனை என்றால் என்ன என்பது எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். பறித்த கொழுந்து குறித்த நிறைக்கு வந்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்), கூடினால் கூடிய கிலோவுக்குத் தனிக் காசு. இதை 'இப்படியானால் இது, இல்லையானால் அது' என்று கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். கணக்காக அதே நிறை வந்தால் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவர்களே சண்டை பிடிப்பார்கள். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுமாறுவதும் அந்த எல்லையில்தான்.

கணினி பயன்படுத்துகிற, 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணைப் படிப்பிக்க ஐந்து அட்டைகள் போதும்: 16, 8, 4, 2, 1 புள்ளிகள். நிமிர்த்தினால் 1, கவிழ்த்தால் 0. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி 19 காட்டச் சொன்னால் 16, 2, 1 மட்டும் நிமிரும், அதாவது 10011. இப்படி 31 வரை போகலாம். நியூசிலாந்தின் கன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் குழுவினர் வளர்த்தெடுத்த வழி இது.

சரி, கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கட்டங்களைப் பொருத்தி ப்ரோகிராம் எழுதுகிற ஸ்க்ராட்ச் மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓடும், பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். ஆனால் ஒரு மடிக்கணினியைச் சுற்றி முழு வகுப்பும் நின்றால் முந்துகிற பையன்தான் மவுஸைப் பிடிப்பான், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். முறை வைத்து உட்கார வைப்பது ஆசிரியரின் வேலை. தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி எப்படிக் கிடைக்க வேண்டும் என்று அடுத்த கட்டுரையில் தயவுசெய்து எழுதுங்கள்.