“ஆள் எந்த இடம்?”

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உட்துறைமுகக் கரையில் நாலைந்து பேராக இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கி, எதிரே சீனக்குடாப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, கதை ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலுக்குப் போய்விட்டது. குடாவின் ஒரு கரையில் நின்று மறுகரையில் தெரியும் பச்சை விளக்கைப் பார்த்து ஏங்குகிற ஒருவனின் கதை அது. எங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் தம்பி ஒருவர் கேட்டார். “ரெண்டு பேரும் காசுக்காரர்தானே அக்கா. டொம் பெண்சாதிக்குத் துரோகம் செய்தவன். கேட்ஸ்பி கள்ளச் சாராயம் வித்தவன். இதில ஆரை நல்லவன் எண்டு சொல்லுறது?” அந்த இடத்தில் எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அந்தப் பதில்தான் இந்த நீளப் பதிவு.

வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925இல் வந்த நாவல். நியூயோர்க்கிற்குப் பக்கத்தில் லோங் ஐலண்டில், 1922 கோடையில் நடக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். டெய்சி என்ற பெண்ணை 1917இல், இராணுவத்தில் இருந்தபோது, கேட்ஸ்பி காதலித்தான். அப்போது அவனிடம் சல்லிக்காசு இல்லை. அவன் போருக்குப் போய்த் திரும்புவதற்குள், 1919 ஜூனில், அவள் டொம் புக்கானனைக் கட்டிவிட்டாள். இப்போது கேட்ஸ்பி பெரிய பணக்காரன். அவள் வீடு தெரிகிற மாதிரி எதிர்க்கரையில் ஒரு மாளிகை வாங்கியிருக்கிறான்.

டொம்முடைய காசு பிறந்தபோதே கூட வந்தது. ஊர் மாறும்போது போலோ விளையாடும் குதிரைகளையும் கூட்டமாகக் கொண்டுவந்தவன். கல்யாணத்துக்கு முதல் நாள் டெய்சிக்கு அவன் கொடுத்த முத்துமாலையின் பெறுமதி 350,000 டொலர். அந்த இரவு அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. யார் எழுதியது என்று சொல்லாமலே நமக்குப் புரியும். அவள் குடித்துவிட்டு மாலையைக் குப்பைக் கூடையில் போடுகிறாள். கடிதம் தண்ணீரில் ஊறிக் கரைந்துபோகும்வரை கையை விட்டு இறக்கவில்லை. அடுத்த நாள் அதே மாலை கழுத்தில் இருக்கிறது, கல்யாணமும் நடக்கிறது. அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் டெய்சிமேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சம் குறைந்துவிடும்.

கேட்ஸ்பியின் உண்மைப் பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். வட டகோட்டாவில் ஒரு ஏழை விவசாயக் குடும்பம். 17 வயதில், டான் கோடி என்ற பணக்காரரின் படகு ஏரிக்கரையோரம் நங்கூரமிட்ட நாளில், பெயரையே மாற்றிக்கொண்டான். கோடி சாகும்போது அவனுக்கு 25,000 டொலர் எழுதி வைத்தார். சட்டத்தின் ஏதோ சந்தில் அது அவன் கைக்கு வரவே இல்லை. பிறகு மருந்துக்கடை என்ற பெயரில் சாராய வியாபாரம். வீட்டுக்கான காசைச் சேர்க்க மூன்று வருடம் பிடித்ததாக அவனே சொல்கிறான்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதுவது பிளாசா ஹோட்டல் அறையில், வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம். அங்கே டொம் முதலில் கையில் எடுப்பது டெய்சியின் காதலை அல்ல, கேட்ஸ்பியின் பூர்வீகத்தை. எங்கிருந்தோ வந்த யாரோ ஒருத்தன் என் பெண்சாதியோடு பழகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற பொருளில் கேட்கிறான். எங்கள் மொழியில் சொன்னால் “ஆள் எந்த இடம்? ஆற்ர பிள்ளை?” என்ற கேள்விதான். சம்பந்தம் பேசும் வீடுகளில் எத்தனை தரம் கேட்டிருப்போம். வெளிநாட்டில் சமையலறையில் நின்று உழைத்து மாடிவீடு கட்டியவர் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வழியில் “இவ்வளவு காசு எப்பிடி வந்தது?” என்பார்கள். மூன்று தலைமுறைக்கு முந்திய காணிக்கு அந்தக் கேள்வி வராது. கேட்கத் தெரிந்தவர்கள் செத்துப்போனதால் மட்டுமே பழைய காசு சுத்தமாகத் தெரிகிறது.

டொம்முக்கு நேர்மை முக்கியமாக இருந்து கேட்டிருந்தால் மதிக்கலாம். ஆனால் அவனுடைய சொந்தச் சிநேகிதன் வோல்டர் சேஸ் இதே வியாபாரத்தில் சேர்ந்தவன்தான். சேஸ் ஒரு மாதம் மறியலில் கிடந்தபோது கேட்ஸ்பி கைவிட்டுவிட்டான் என்பதும் அங்கேதான் வெளிவருகிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கேட்ஸ்பியின் காசில் கறை இருக்கிறது.

அதைவிட எனக்கு அவன்மேல் வருத்தம் வேறு விஷயத்தில். டொம்மை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று டெய்சி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். ஒரு பெண் வாழ்ந்த வருடங்களை அழித்துத் தா என்று கேட்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? அவளுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். “ஒரு காலத்தில் அவரையும் நேசித்தேன், உங்களையும் நேசித்தேன்” என்கிறாள் அவள். அதைவிட உண்மையான வார்த்தை அந்த அறையில் வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் இரண்டு ஆம்பிளைகளுக்கும் காது இல்லை.

சரி, பிறகு ஏன் கேட்ஸ்பி பக்கம் நிற்கிறேன்? அன்றிரவு நடந்ததால்தான். அவனுடைய காரை டெய்சி ஓட்டி வரும்போது மேர்ட்டில் அடிபட்டுச் சாகிறாள். மேர்ட்டில் டொம்மின் இரகசியக் காதலி, கராஜ்காரர் வில்சனின் மனைவி. ஓட்டியது நான்தான் என்று சொல்வேன் என்கிறான் கேட்ஸ்பி. அதில் அவனுக்குத் தயக்கமே இல்லை. டொம் அவளுக்கு ஏதும் தொல்லை கொடுத்தால் ஓடிப்போக வேண்டும் என்று அவள் வீட்டுக்கு வெளியே இருட்டில் காவல் நிற்கிறான். உள்ளே குசினியில் டொம்மும் டெய்சியும் ஆறிப்போன பொரித்த கோழியையும் இரண்டு போத்தல் பியரையும் நடுவில் வைத்துக்கொண்டு நெருக்கமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் கைமேல் அவன் கை.

அடுத்த நாள் வில்சன் துப்பாக்கியோடு டொம் வீட்டுக்கு வருகிறார். அந்தக் காரின் சொந்தக்காரன்தான் மனைவியைக் கெடுத்தவனும் கொன்றவனும் என்று அவர் நம்புகிறார். டொம் கேட்ஸ்பியின் பெயரைச் சொல்கிறான். மேர்ட்டிலோடு பழகியது நான் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு மௌனத்தால், வில்சன் சுட, கேட்ஸ்பி தன் நீச்சல் தடாகத்தில் செத்துப்போகிறான். டொம்மும் டெய்சியும் பெட்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தம்பி, ஒருத்தன் தான் செய்யாத பழியைச் சுமந்தான். மற்றவன் தான் செய்ததையும் அடுத்தவன் தலையில் போக விட்டான். காசு எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இவர்களை நான் பிரிக்கவில்லை.

கேட்ஸ்பியின் மாளிகை விருந்துகளுக்கு நூற்றுக்கணக்கில் வந்தவர்களில் ஓரிருவரைத் தவிர யாரும் செத்தவீட்டுக்கு வரவில்லை. தகப்பன் வந்தார். இரண்டு வருடத்துக்கு முதல் மகன் தனக்கு வீடு வாங்கித் தந்ததைச் சொல்கிறார். பணப்பையிலிருந்து மகனின் மாளிகைப் படம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். மூலைகள் வெடித்து, பல கைகள் பட்டு அழுக்கான படம். அந்த மாளிகைக்குள்ளேயே நின்றுகொண்டு அதைக் காட்டுகிறார். உவர்மலையில் எங்களுக்குத் தெரிந்த ஐயா ஒருவரும் அப்படித்தான். மகன் கனடாவில் வாங்கிய வீட்டின் படத்தை ஃபோனில் வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் காட்டுவார். நாங்களும் ஒவ்வொரு தரமும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்போம்.