வரிசை மாறிப்போன ஊர்

"முருகேசன் அண்ணனுங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு அம்மா, "காலையில இருந்து நீ மூணாவது ஆளு தம்பி. இங்க முருகேசன்னு யாரும் இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

நாலு வருஷம் முன்னால் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு. அறுநூறு சொச்சம் வீடு. சந்தேகம் இருந்த சிலரிடம் திரும்ப விசாரிக்கப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் எண். ஏறக்குறைய எல்லா வரியிலும்.

எங்களில் யாரோ எக்செல்லில் பெயர் நெடுவரிசையை மட்டும் பிடித்து அகரவரிசைப்படுத்தியிருக்கிறார். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கத்தான் செய்யும். அவசரத்தில் கை வேறு பக்கம் போயிருக்கிறது. பெயர்கள் நகர்ந்தன, மற்றதெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் சேவ். அட்டவணை பார்க்க முன்பைவிட ஒழுங்காக இருந்தது, அதுதான் கொடுமை. என்றைக்கு, யார் கையால் நடந்தது என்று அந்தக் கோப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. (யாரென்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. நானாகவும் இருக்கலாம்.)

அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். ஒரு தரவை நம்பலாமா என்று யாராவது கேட்டால் அதை வைத்துப் போட்ட கிராஃபைப் பார்ப்பதில்லை. அட்டவணையின் இந்தக் கட்டத்துக்குள் முன்னால் என்ன இருந்தது, யார் மாற்றினார்கள் என்று கேட்பேன். அதற்குப் பதில் வைத்திருக்காத இடத்தில் மூலத் தரவை வைக்கவே கூடாது.

சின்ன ஆபீஸ்களில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விட்டுப்போயின. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது, மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. மரபணு ஆய்வாளர்கள் கதை இன்னும் வேடிக்கை. மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். பல வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றி வெளியிட்டார்கள்.

எக்செல் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டிக் கழிக்க அதை மிஞ்ச ஆளில்லை. கல்லாப்பெட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது நாங்கள் களத்துக்கு ஓடிகே என்ற கணக்கெடுப்புச் செயலியை எடுத்துப் போகிறோம். கோபோ டூல்பாக்ஸும் அதே வம்சம்தான். செல்போனிலேயே படிவம், சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும். வயது 210 என்று தட்டினால் அடுத்த கேள்விக்கு விடாது, போன் எண் பத்து இலக்கம் இல்லாவிட்டாலும் விடாது. இந்த நிபந்தனையெல்லாம் நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். (படிவத்தை எழுதுவது பெரும்பாலும் எக்செல்லில்தான், சிரிக்காதீர்கள்.) அதிலேயே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால், ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை நேரம் நின்றார்கள் என்பதும் பதிவாகும். இருபது கேள்வியை ஒன்றரை நிமிஷத்தில் முடித்தவர் வீட்டு வாசலுக்குப் போனாரா, டீக்கடையில் உட்கார்ந்தாரா என்பது பிறகு நமக்கே புரியும்.

பதிந்த தரவைத் துப்புரவாக்க ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள். நம் கணினியிலேயே ஓடும், தரவு வெளியே போகாது. ஆங்கிலத்தில் பதிந்த பட்டியலில் 'கே. முருகன்', 'முருகன் கே' இரண்டையும் ஒருவராக இருக்கலாம் என்று அதன் முதல் தேடல் முறையிலேயே கூட்டிவந்து காட்டும். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விடாமல் 'கே.முருகன்' என்று அடித்திருந்தால் மட்டும் அந்த முதல் முறையில் சிக்காது, வேறு முறையில் தேட வேண்டும். சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவு நம்முடையது. ஒரே தெருவில் இரண்டு கே. முருகன் இருப்பது நமக்குத்தானே தெரியும்? செய்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாகியிருக்கும், பின்னோக்கிப் போகலாம்.

மென்பொருள் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதும் உண்மைதான். "வயசு என்னம்மா?" என்றால் "போடு, ஒரு நாப்பது இருக்கும்" என்பார்கள். 40, 45, 50 என்று வயதுகள் குவியும். எந்த நிபந்தனையும் இதைத் தடுக்காது, 40 என்பது சரியான எண்தானே. மக்கள்தொகைக்காரர்கள் இதற்கு விப்பிள் குறியீடு வைத்திருக்கிறார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5-ல் முடியும் வயதுக்காரர்கள் எத்தனை பங்கு என்று பார்ப்பது. குவியலே இல்லையென்றால், அதாவது ஐந்தில் ஒருவர்தான் அப்படியென்றால் 100, எல்லோருமே அப்படிச் சொல்லியிருந்தால் 500. இதைப் போட்டுப் பார்க்காமல் வயதுவாரியாகப் படம் வரைபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்களைத் திரையில் படமாகக் காட்டும் டாஷ்போர்டுக்குச் செலவழிக்கப் பணம் இருக்கும், அடியில் இருக்கும் எண்ணைச் சோதிக்க ஒரு நாள் கேட்டால் இருக்காது.

சரி, அந்த அறுநூறு வீடு என்ன ஆயிற்று? காகிதப் படிவங்கள் பரண் மேல் கிடந்தன. ஒரு கட்டைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தைப் பதினோரு நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தோம். கரையான் தின்ற தெருவுக்குத் திரும்பப் போனபோது, ஒரு தாத்தா திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "போன தடவை சொன்னதையே சொல்லணுமா, வேற சொல்லணுமா?"