நிலம் வாங்குங்கள், வேட்டையையும் சேர்த்து யோசித்து வாங்குங்கள்

டெக்சாஸில் ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் இருக்கும் நம் நண்பர்களில் பலர் இப்போது ஹில் கன்ட்ரி என்ற குன்றுப் பகுதியில் நிலம் தேடுகிறார்கள். லானோ, மேசன், பிளாங்கோ, ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்று வார இறுதியில் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இருபது ஏக்கரோ ஐம்பது ஏக்கரோ, நடுவில் ஒரு வீடு, முடிந்தால் ஒரு ஓடை. விளம்பரத்தை எனக்கு அனுப்பி "எப்படி இருக்குண்ணா?" என்று கேட்கிறார்கள். அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை வீட்டின் படங்கள். சமையலறை, கூடம், மாலை வெயில் விழும் திண்ணை. அதே விளம்பரத்தில் "வேட்டைக்கும் விவசாயத்துக்கும் ஏற்ற நிலம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானாகச் சொன்னாலும் "வேட்டை நமக்கு எதுக்கு, நாம பாட்டுக்கு நாலு மரம் வெச்சுட்டு இருப்போம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்த வரிதான் விளம்பரத்திலேயே முக்கியமான வரி என்பது என் கருத்து. டெக்சாஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது. இங்கே காட்டு விலங்குகளின் கதியை வனத்துறை தீர்மானிப்பதில்லை, நிலத்துக்காரர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். நிலம் வாங்கும் நாளிலேயே அந்தப் பொறுப்பும் நம் கைக்கு வந்துவிடுகிறது. நான் சுட மாட்டேன், சுடவும் விட மாட்டேன் என்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அந்த முடிவுக்கும் விளைவு உண்டு, அதை நிலம் சுமக்கும்.

நாங்கள் மேசன் பக்கம் ஒரு பழைய வீட்டோடு கொஞ்சம் நிலம் வாங்கி சில வருடங்கள் ஆகின்றன. அங்கே கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். மேய்ச்சல் அதிகமான இடத்தில் ஓக் மரங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தரையிலிருந்து ஒரு மான் கழுத்தை நீட்டினால் எட்டும் உயரம் வரைக்கும் பச்சையே இருக்காது. அதற்கு மேலேதான் இலை. கோடு போட்டு வெட்டியதுபோல் தெரியும். மரத்தின் கீழே கன்றுகளும் இருக்காது. விழுந்த விதை முளைத்துத் தலைகாட்டியதுமே மான் தின்றுவிடும். பெரிய மரங்கள் எல்லாம் கிழட்டு மரங்கள், அடுத்த தலைமுறை என்று ஒன்று வளரவே இல்லை. இது பல பண்ணைகளில் இருக்கும் நிலைமை.

மான் இப்படிப் பெருகியதற்குக் காரணம் உண்டு. ஓநாயை இந்தப் பக்கத்தில் என்றோ அழித்துவிட்டார்கள். அடுத்தது ஸ்க்ரூவார்ம் என்ற ஈ. அதன் புழுக்கள் மான்குட்டியின் ஆறாத தொப்புள் புண்ணில் புகுந்து, உயிருள்ள சதையைத் தின்றே கொன்றுவிடும். கால்நடைகளுக்கும் அதே கதிதான். மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து விட்டு அந்த ஈயை இங்கிருந்து ஒழித்தார்கள். டெக்சாஸில் 1982க்குள் அது முடிந்தது. மாடு வளர்ப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. மான்குட்டிகளும் கூடவே பிழைத்தன. இப்போது மெக்சிகோ வழியாக அந்த ஈ மறுபடி வடக்கே வருகிறது என்று இங்கே மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கவலையில் இருக்கிறார்கள். ஆக, ஓநாயும் நோயும் செய்துகொண்டிருந்த வேலையை இன்று செய்வது நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும் மான் வேட்டைப் பருவம்தான். வேட்டையே இல்லாத இடத்தில் மான்கள் சுகமாக வாழ்வதில்லை. வறட்சி வந்தால் எலும்பு தெரிய மெலிந்து சாகின்றன.

எங்கள் வீட்டில் என் மனைவி கறி சாப்பிடுவதில்லை. மானைச் சுடுவது பாவம் என்று நினைக்கும் உறவினர்கள் எனக்கும் உண்டு, அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் நிலம் வாங்கியவர் அந்த மெலிந்த மானையும் பார்க்க வேண்டும், வளராமல் போன ஓக் கன்றையும் பார்க்க வேண்டும்.

புள்ளிமான் விஷயம் இன்னும் விசித்திரம். ஹில் கன்ட்ரியில் சாலையோரம் புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் காரை நிறுத்திவிடுவார்கள். ஆமாம், நம் ஊர் புள்ளிமானேதான். வெளிமானையும் இங்கே பார்க்கலாம், கோடியக்கரையில் இருக்கிறதே அதே இனம். இரண்டையும் 1930களில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைச் சுட்டால் சிறை. இங்கே அதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. வேட்டை உரிமமும் நிலத்துக்காரரின் அனுமதியும் இருந்தால் போதும். இரண்டு சட்டமும் அந்தந்த மண்ணில் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். புள்ளிமான் புல்லையும் தின்னும், தழையையும் தின்னும். தழையை நம்பி வாழும் இந்த ஊர் வெள்ளைவால் மான் அதனோடு போட்டி போட முடியாது. நமக்குப் பழகிய விலங்கு என்ற பாசத்தில் அதை மட்டும் விட்டுவைத்தால், இந்த மண்ணுக்குரிய மான்தான் பட்டினி கிடக்கும்.

பன்றியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, என் மாமனார் சொன்னதே போதும். அவருக்குச் சத்தியமங்கலம் பக்கம் கடலைக்காடு. இங்கே வந்திருந்தபோது ஒரு காலையில் ஓடைக்கரையைப் பார்த்தார். ஏர் ஓட்டியதுபோல் புல்தரை புரண்டு கிடந்தது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பன்னி உழுதிருக்குதுங்க மாப்ள. இங்கயுமா?" என்றார். டெக்சாஸில் காட்டுப்பன்றிகள் இருபது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. 2019 முதல் தனியார் நிலத்தில் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு பன்றியைச் சுட வேட்டை உரிமம்கூட வேண்டாம். கூண்டு வைத்துப் பிடிப்பதும் உண்டு. கூட்டத்தில் பாதியைப் பிடித்து மீதியை விட்டால் மிச்சம் உஷாராகிவிடும் என்பதால், முழுக் கூட்டமும் உள்ளே வரும்வரை பொறுமையாகத் தீனி போட்டுக் காத்திருப்பார்கள்.

சரி, நானே துப்பாக்கி தூக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அவசியமில்லை. பணம் வாங்கிக்கொண்டு பிறரை நம் நிலத்தில் வேட்டையாட விடும் வேட்டைக் குத்தகை என்று ஒரு நல்ல வழக்கம் இங்கே இருக்கிறது. பல நிலங்களில் ஒரே குடும்பம் இருபது, முப்பது வருடமாக வேட்டைக்கு வந்துகொண்டிருக்கும். நிலம் கைமாறியதும் நம்மவர்கள் முதலில் செய்வது அவர்களை வர வேண்டாம் என்று சொல்வதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் நிலத்துக்கு எங்களுக்கு முன்பிருந்தே வரும் ஒரு அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். வேலி எங்கே அறுந்திருக்கிறது, ஓடை எந்த மாதம் வற்றும், எந்த மரத்தில் நோய் தெரிகிறது என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக்கு மிஞ்சிய மான் கறியை இல்லாதவர்களுக்கு உணவு தரும் அமைப்புகளிடம் சேர்ப்பிக்கிறார்கள். குத்தகையை எழுத்தில் போடுங்கள், காப்பீடு எடுங்கள். பணம் வாங்கி வேட்டைக்கு விட்டால் மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் அதற்கென ஒரு உரிமம் வாங்க வேண்டும்.

சின்ன நிலமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ரைஃபிள் தோட்டா வேலியோடு நிற்காது. வேட்டையில் சுடும் தோட்டா அடுத்தவர் நிலத்துக்குள் அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் போனால் டெக்சாஸில் அது குற்றம். அதே போல அடுத்தவர் என்ன செய்கிறார் என்பதும் நமக்கு முக்கியம். நிலம் பார்க்கப் போகும்போது எல்லை நெடுகிலும் நடந்து, பக்கத்து நிலத்தில் ஒளிந்திருந்து சுடுவதற்கான வேட்டை மறைவுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பாருங்கள். பிள்ளைகள் விளையாடப்போகும் பக்கமாக ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்துக்காரரோடு பேசிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

அப்புறம் வரி. மாநில வருமான வரி இல்லாத ஊர், ஆனால் சொத்து வரி கடுமை. 1978இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, விவசாய நிலத்துக்குச் சந்தை விலையை விட்டுவிட்டு, அந்த நிலம் விளைச்சலில் என்ன ஈட்டும் என்று பார்த்து வரி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இங்கே எல்லோரும் 'ஏஜி' என்று சொல்வது இதைத்தான். இது இருக்கும் நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் வருட வரியில் வித்தியாசம் பல ஆயிரம் டாலர். கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடமாவது விவசாயம் நடந்திருந்தால்தான் இந்தச் சலுகை கிடைக்கும். வீடும் அதைச் சுற்றிய இடமும் இதில் சேராது. மாடு மேய்வதை நிறுத்திவிட்டு அங்கே கட்டடம் கட்டினால், முந்தைய மூன்று வருட வித்தியாசத்தையும் சேர்த்து வசூலித்துவிடுவார்கள். ஆகவே, பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மாடுகளை இங்கே மேய்க்கிறார் என்றால், பத்திரம் முடியும் முன்பே அவரிடம் பேசி அதைத் தொடரச் சொல்லுங்கள்.

மாடு வேண்டாம் என்பவர்களுக்கு 1995இல் வாக்காளர்கள் ஒப்புதலோடு வந்த இன்னொரு வழி இருக்கிறது. ஏற்கெனவே ஏஜி உள்ள நிலத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். வாழிடம் சீராக்குதல், மண்ணரிப்பைத் தடுத்தல், பிற விலங்குகளைக் கொன்று தின்னும் விலங்குகளைக் கட்டுப்படுத்துதல், தண்ணீர் வைத்தல், உணவு தருதல், ஒதுங்க இடம் அமைத்தல், எண்ணிக்கை எடுத்தல் என்ற ஏழில் குறைந்தது மூன்றை ஒவ்வொரு வருடமும் செய்து காட்ட வேண்டும். சும்மா விட்டுவைத்தாலே காடாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இரவில் விளக்கோடு மெதுவாக வண்டி ஓட்டி மான் எண்ணும் வேலையில் எங்கள் பிள்ளைகள் கற்றதை எந்தக் கோடை முகாமும் கற்றுத் தந்திருக்காது.

தண்ணீரில் ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் போர்வெல்தான், அடியில் சுண்ணாம்புப் பாறை. ஆழம் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை கேலன், கோடையில் என்ன ஆகிறது என்று கேட்டு, சோதித்தும் பாருங்கள். 1904இல் ஒரு ரயில்வே கம்பெனி வழக்கில் வந்த தீர்ப்புதான் இன்றும் அடிப்படை: தன் நிலத்தடியில் இருக்கும் நீரை ஒருவர் இறைத்துக்கொள்ளலாம், அதனால் பக்கத்துக் கிணறு வற்றினாலும் பொதுவாக அவர் பொறுப்பில்லை. இப்போது பல இடங்களில் நிலத்தடி நீர் மாவட்டங்கள் கட்டுப்பாடு போடுகின்றன, உங்கள் நிலம் எதில் வருகிறது என்று விசாரியுங்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் மின்சாரம் போனபோது மோட்டாரும் நின்றது, குழாய்களும் வெடித்தன. ஜெனரேட்டர் இல்லாத கிராமத்து வீட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆற்றங்கரை வீட்டுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒன்றே ஒன்று: 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப்பே ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் உயர்ந்தது, அந்த வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் ஆற்றோரம் வாங்காதீர்கள்.

ஊரில் அரை ஏக்கர் வாங்கினாலும் மூலப்பத்திரம், வில்லங்கம், வண்டிப்பாதை எல்லாம் துருவிப் பார்க்கும் நாம், இங்கே நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். டெக்சாஸில் மேல்நிலம் ஒருவருக்கும் அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். கனிம உரிமை உள்ளவர் அதை எடுக்கத் தேவையான அளவு மேல்நிலத்தைப் பயன்படுத்தலாம், நீங்கள் தடுக்க முடியாது. பொதுச்சாலைக்குச் சட்டப்படி பாதை இருக்கிறதா என்பதையும் எழுத்தில் பாருங்கள். "அவங்க ரொம்ப நல்லவங்க, இந்த வழியாத்தான் எல்லோரும் போவோம்" என்ற பேச்சு அந்த நல்லவர் நிலத்தை விற்கும் நாள் வரைக்கும்தான். வீட்டைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கூரையையும் செப்டிக் டேங்க்கையும் பாருங்கள். மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஹெச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு. சில நாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுக்க 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் சட்டம் சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா சம்பந்தப்பட்டது, இந்தியர்கள் அதில் இல்லை. ஆனால் 1978ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு இல்லாதவர் பத்து ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால், 90 நாட்களுக்குள் அமெரிக்க வேளாண் துறையின் கவுன்ட்டி அலுவலகத்தில் படிவம் கொடுத்துப் பதிய வேண்டும். தவறினால் நிலத்தின் மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்னிடம் கேட்டவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

துப்பாக்கி விஷயத்திலும் கவனம் தேவை. ஹெச்1பியில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடிக்க வேண்டும். பழைய பண்ணை வீடுகளைச் சாமான்களோடு விற்பது இங்கே உண்டு, அலமாரியில் ஒரு ரைஃபிளும் தோட்டாப் பெட்டியும் கிடக்கலாம். சாவி கைக்கு வரும் முன்பே விற்பவரை அவற்றை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.