எல்லாக் கோலையும் ஹர்மன்பிரீத்தே அடிக்க வேண்டுமா?

"நம் ஆண்கள் ஹாக்கி அணிக்கு அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் வெண்கலம், இன்னும் என்ன குறை?" என்று இன்றும் ஒருவர் கேட்டுவிட்டுப் போகிறார். கோல் கணக்கைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். டோக்கியோவில் எட்டு ஆட்டங்களில் 25 கோல்; அடித்தவர்கள் 11 பேர். பாரிஸிலும் எட்டு ஆட்டங்கள்தான், ஆனால் 15 கோல். அதில் பத்தை ஹர்மன்பிரீத் சிங் ஒருவரே அடித்தார். மற்ற அத்தனை பேரும் சேர்ந்து ஐந்து!

ஹர்மன்பிரீத் தடுப்பாட்டக்காரர். பின்னால் நின்று எதிரணியை மறிப்பதும் அவர்தான், பெனால்டி கார்னருக்கு (கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) ஓடி வந்து கோல் அடிப்பதும் அவர்தான் என்றால் முன்கள வீரர்கள் எதற்கு? டோக்கியோவில் மூன்று கோல் அடித்த குர்ஜந்துக்குப் பாரிஸில் ஒன்றுமில்லை. லலித்துக்கும் இல்லை. மன்தீப்புக்கு ஒன்று. அபிஷேக் இரண்டு கோல் அடித்தாரே என்று ஆறுதல்பட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். பெனால்டி கார்னர் அடிப்பதில் ஹர்மன்பிரீத்துக்குத் துணையாக இருந்து, டோக்கியோவில் நான்கு கோல் அடித்த ரூபிந்தர் பால் சிங் 2021இல் ஓய்வு பெற்றார். அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை.

ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஏழாவது நிமிடத்திலேயே ஹர்மன்பிரீத் முன்னிலை வாங்கிக் கொடுத்தார். பத்துக்கும் மேற்பட்ட பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. பெனால்டி கார்னர் அடிக்கக்கூடிய இன்னொருவரான ரோகிதாஸ் தடையில் வெளியே உட்கார்ந்திருந்ததால் ஹர்மன்பிரீத் ஒருவரைக் கட்டினால் போதும் என்று ஜெர்மனிக்குத் தெரிந்திருந்தது, கட்டியும்விட்டார்கள். 54ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் மில்ட்காவ் அடித்து அவர்களுக்கு 3-2. அப்புறம் அந்தக் கடைசி நொடிகள். வட்டத்துக்குள் பந்து வந்தது. நம் ஷம்ஷேர் மட்டையை வீசினார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம், அவ்வளவு பெரிய வாசல்! கீழே அடித்திருக்கக் கூடாதா? தடுப்பவர் காலில் பட்டால்கூட இன்னொரு பெனால்டி கார்னராவது கிடைத்திருக்கும். மேலே போன பந்தை என்ன செய்வது? எத்தனை முறை திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அது மேலேதான் போகிறது.

வெண்கல ஆட்டத்திலும் அதே கதை. ஸ்பெயினுக்கு எதிராக 2-1. இரண்டும் ஹர்மன்பிரீத்தின் பெனால்டி கார்னர் கோல்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தன் கடைசி ஆட்டத்தில் பதக்கத்தோடு போனார் என்பதில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அன்று ஹர்மன்பிரீத்துக்குக் காய்ச்சல் வந்திருந்தால்?

இந்த லட்சணத்தில் 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலிருந்து ஹாக்கியையே தூக்கிவிட்டார்கள். 2022 பர்மிங்காம் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 0-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோமே, அந்தக் கடனை எங்கே போய்த் தீர்ப்பது? செலவு குறைக்க வேண்டுமாம். குறைப்பதற்கு ஹாக்கிதானா கிடைத்தது!